லாபம், ரெண்டு, மூணு

குற்றாலம்
ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி

அன்பு மகன் பென்னிக்கு அம்மா ரெபேக்காள் எழுதுவது. நம் லாட்ஜின் பின்னால் நான் கட்டின சுவர் சாய்ந்துகொண்டிருக்கிறது, அது எந்த நாளில் விழும் என்று நான் போட்ட கணக்கும் தப்பாகிவிட்டது. மற்றபடி கர்த்தர் கிருபையால் என் உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை மாத்திரையை வேளைக்கு எடுக்கிறேன், நாகர்கோவிலில் உன் தங்கை ஷாரோனும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உங்கள் பட்டாள போஸ்டில் போன் எடுக்காது என்பதில் இந்த ஒரு தடவை எனக்கு நிம்மதி. போனில் சொன்னால் நீ பாதியிலேயே சத்தம் போடுவாய், நானும் வியாபாரத்தில் பழகின வாயால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். தாளில் எழுதினால் திருப்ப முடியாது, நடந்ததை நடந்தபடியே எழுதியாக வேண்டும்.

அந்தச் சுவர் உனக்குத் தெரியும். லாட்ஜுக்குப் பின்னால் நாம் வாடகைக்கு விடுகிற லைன் வீடு, அதன் கொல்லையை ஒட்டி மலைச்சரிவு, அந்த மண் இறங்கி வராமல் தாங்குவதற்காக ஒன்பதடி உயரத்தில் நீ பட்டாளத்துக்குப் போன வருஷம் கட்டினது. கொத்தனார் குற்றாலீஸ்வரன் அப்போதே நாலடிக்கு ஒரு பைப் வைக்கச் சொன்னார், மண்ணில் ஊறுகிற தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்துவிடும், இல்லாவிட்டால் தண்ணீரே சுவரைத் தள்ளும் என்றார். கொல்லை சகதியாகிவிடும், குடியிருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள் என்று நான் அவரிடம் சொன்னேன். மனசுக்குள் இருந்த காரணம் வேறு, வைக்காவிட்டால் அந்தச் செலவு மிச்சம். கூலிக்குத் தேங்காய் உரித்து ஆரம்பித்து இலஞ்சியில் சொந்தமாகக் காய் அடைத்துவைக்கிற கிட்டங்கி, இங்கே பத்து ரூம் லாட்ஜ் என்று வந்தவள் நான், மிச்சம் என்ற சொல் என் காதில் எப்போதும் இனிப்பாகத்தான் விழுந்திருக்கிறது. ஏழு சாரல் காலம் அந்தச் சுவர் நின்றது, நான் செய்தது சரி என்றே நினைத்திருந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் பைப் வைத்திருப்பார், அவருக்கு மிச்சம் பிடிக்கத் தெரியாது.

லைன் வீட்டில் இப்போது குடியிருப்பது அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற உச்சிமாகாளி. அவனும் அவன் பெண்டாட்டி மீனாவும் இரண்டு பெண் பிள்ளைகளும், மூத்தவள் சத்யபிரியா பிளஸ் ஒன் படிக்கிறாள். முதலில் கண்டுபிடித்தது மீனாதான். துணி காயப்போடுகிற கொடியின் ஒரு முனையை அவள் சுவரில் அடித்த ஆணியிலும் மறுமுனையை வீட்டு உத்தரத்திலும் கட்டியிருந்தாள். ஜூலை கடைசியில் அந்தக் கொடி தொய்ந்து ஈரச்சேலை தரையில் பட ஆரம்பித்தது, இழுத்துக் கட்டினாள், மறுபடியும் தொய்ந்தது. என்னிடம் வந்து கொடிக்கயிறு மட்டம் என்று குறை சொன்னாள். கயிறு நீளவில்லை, சுவர் கிட்டே வந்துவிட்டது என்று எனக்கு அவள் சொல்லும்போதே புரிந்தது. கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அவர் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கீழே கயிற்றுக்கும் சுவரின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். எட்டு நூல் இருந்தது. இஞ்சுக்கு எட்டு நூல், ஆக சரியாக ஒரு இஞ்ச். ஈரத்தில் இதில் கை வைத்தால் மண் முழுவதும் இறங்கிவிடும், பத்து நாள் வெயில் அடித்தால்தான் பிரிக்க முடியும் என்றார். சுவரின் கனம் ஒன்றரை அடி, அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறு இஞ்ச், நாற்பத்தெட்டு நூல் சாய்கிறவரை நிற்கும், அதற்கு மேல் அதைக் கட்டினவனாலும் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் காலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்து எழுதிவைக்கும்படி நம் கிட்டங்கியில் காய் எண்ணுகிற இசக்கிமணியை விட்டேன். அவனுடைய எண்ணிக்கை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னப்பிள்ளையில் அவன் பின்னாலேயே போய்ச் சொல்லிச் சிரிப்பாய். முதல் காய்க்கு ஒண்ணு என்று அவன் வாயில் வராது, லாபம் என்றுதான் தொடங்குவான், லாபம், ரெண்டு, மூணு என்று போவான். நம் தொழிலில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். நோட்டிலும் அப்படியே எழுதினான். ஜூலை 28, திங்கட்கிழமை, லா என்று போட்டு எதிரே கொத்தனார் அன்று அளந்த எட்டு நூல். செவ்வாய்க்கிழமை 2 என்று போட்டு எதிரே பத்து நூல்.

இரண்டு நாள் அளவு கையில் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஒரு மாதமும் ஓணத்துக்குக் காய் ஏற்றுகிற நேரம், ராத்தங்கலும் இலஞ்சி கிட்டங்கியில்தான், அதற்குள் எத்தனை நாள் கெடு என்று தெரிந்தாக வேண்டும். மச்சிலிருந்து உன் பழைய பிளஸ் ஒன் கணக்கு நோட்டை எடுத்தேன். உன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் படித்துப் படித்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு புள்ளி இருந்தால் ஒரு நேர்கோடு போட்டுவிடலாம், மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதால் வகுத்தால் சாய்வு வரும் என்று எழுதியிருந்தாய். சுவரின் சாய்வைத் தேடினவளுக்குக் கணக்கிலேயே சாய்வு என்று ஒன்று இருந்தது வசதியாகத்தான் இருந்தது. சத்யபிரியாவிடம் ஒரு கிராஃப் தாள் வாங்கினேன். லாபம் என்றால் ஆரம்பம்தானே, கிராஃபில் ஆரம்பம் பூஜ்யம்தானே என்று முதல் புள்ளியைப் பூஜ்யத்துக்கு நேரே எட்டில் வைத்தேன். நோட்டில் 2 என்று இருந்ததை 2-க்கு நேரே பத்தில் வைத்தேன். ஏறினது இரண்டு, நகர்ந்தது இரண்டு, வகுத்தால் ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு நூல். எட்டோடு நாளைக் கூட்டினால் நாற்பத்தெட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஆகவே நாள் நாற்பதுக்குக் குறைவு. இன்னொரு தடவை மிச்ச இடைவெளியை வைத்து வேறு மாதிரியும் போட்டுப் பார்த்தேன், அதில் கழித்தல் எண்ணால் வகுக்க வேண்டி வந்தது, அப்படி வகுத்தால் குறைவு என்ற குறியை அதிகம் என்று திருப்ப வேண்டும். அந்த மாதிரிக் கணக்கில் நீ குறியைத் திருப்பாமல் விட்டு உன் வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார், அதைப் பார்த்து நான் ஜாக்கிரதையாகத் திருப்பினேன். இரண்டு வழியிலும் நாற்பதே வந்தது. மகன் விட்ட இடத்தில் நான் விடவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. நாற்பது நாள் என்றால் செப்டம்பர் 6, ஓணத்துக்கு மறுநாள். அதற்குள் சாரல் ஓய்ந்துவிடும், பிரித்துவிடலாம்.

உச்சிமாகாளியைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டி, ஓணம் வரைக்கும் பயமில்லை, அதற்கு முன்னால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொன்னேன். அவன் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போய்க் காலண்டருக்குப் பக்கத்தில் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டிவிட்டான். என் வார்த்தையை நம்பி அவன் அதற்குமேல் இன்னொன்றும் செய்துவிட்டான், அது எனக்கு அப்போது தெரியாது. சுதந்திர தினம், அடுத்து சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை, அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்க ஆள் போதாது என்று கீழப்பாவூரிலிருந்து தம்பியையும், தம்பி பெண்டாட்டியையும், இரண்டு சின்னப் பிள்ளைகளையும், தம்பியின் மாமியாரையும் வரவழைத்துவிட்டான். நம் பழைய கட்டில்கள் போட்டிருந்த கடைசி அறையை ஒதுக்கி அவர்களைப் படுக்க வைத்திருக்கிறான். ஆக அந்தச் சுவருக்குக் கீழே ஒன்பது பேர்.

நான் இலஞ்சியில் காய் ஏற்றிக்கொண்டிருந்தேன். தினமும் போனில் இசக்கிமணியிடம், அளவு போடுதியா என்று கேட்பேன், போடுதேன் அக்கா என்பான், வைத்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு லோடு காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்கினதில்லை, இந்தச் சுவர் விஷயத்தில் மட்டும் தாளை நம்பி உட்கார்ந்திருந்தேன். நேற்று சாயங்காலம் விடுமுறைக் கூட்டத்துக்கு லாட்ஜை ஒழுங்குபடுத்த வந்தேன். ஐந்து மணி இருக்கும், சத்யபிரியா ஸ்கூல் உடுப்போடு வந்து நின்றாள். ஒரு கையில் கொல்லையில் ஆணியில் தொங்கவிட்டிருந்த இசக்கிமணியின் நோட்டு, ஒரு கையில் காலண்டர் பக்கத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த என் தாள். அவளுக்கு ஸ்கூலில் சாய்வு நடத்துகிறார்களாம், சொந்தமாக ஒரு கணக்கு எழுதிவரச் சொன்னார்களாம், வீட்டிலேயே ஒன்று ஒட்டியிருக்கிறதே என்று நோட்டில் இருந்த மிச்ச நாட்களையும் என் தாளில் புள்ளி வைத்திருக்கிறாள். மொத்தம் பதினேழு புள்ளி. அதில் பதினாறு புள்ளி கயிறு பிடித்தது போல ஒரே கோட்டில் நிற்கிறது, அந்தக் கோடு நான் போட்ட கோட்டைவிட்டு விலகி மேலே ஏறிப்போகிறது. என்னுடைய முதல் புள்ளி மட்டும் தனியாக வெளியே கிடக்கிறது.

"ஆச்சி, இதுல ஒண்ணு எங்க?" என்று கேட்டாள். எந்த ஒண்ணு ஏட்டி என்றேன். "பூச்சியம் இருக்கு, ரெண்டு இருக்கு, மூணு இருக்கு. ஒண்ணாம் நாளு எங்க போச்சி? இந்த லான்னா என்னது?" என்றாள். லாபம் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது பென்னி. லாபம்தான் ஒண்ணு. ஐம்பது வருஷமாக நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், கிராஃப் தாளைப் பார்த்ததும் அதைப் பூஜ்யம் ஆக்கிவிட்டேன். திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரே ஒரு நாள், நான் இரண்டு நாள் என்று வகுத்திருக்கிறேன். ஏறினது இரண்டு, நகர்ந்தது ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு நூல் இல்லை, இரண்டு நூல். அந்தப் பிள்ளை நின்றபடியே போட்டுக் காட்டினாள். நாளின் எண்ணை இரண்டால் பெருக்கி ஆறு கூட்டினால் அன்றைய அளவு, முதல் நாளுக்கு இரண்டும் ஆறும் எட்டு, அது நாற்பத்தெட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஆறைக் கழித்தால் நாற்பத்திரண்டு, பாதியாக்கினால் நாளின் எண் இருபத்தொன்றுக்குக் குறைவு. இருபத்தொன்று என்பதை இன்றிலிருந்து எண்ணக்கூடாது, லாபத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று எனக்கே சொன்னாள். எண்ணினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, 17-ஆம் தேதி. சொல்லிவிட்டு அவள் அழவில்லை, பயந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை, நாங்க இருக்கலாமா ஆச்சி என்று மட்டும் கேட்டாள். அவள் படுக்கிறது சுவர் ஓரத்து அறை.

இசக்கிமணியைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஏலே, தெனமும் ரெண்டு ரெண்டா ஏறுதே, ஒரு வார்த்தை சொன்னா என்ன என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "போடுதியான்னு கேட்டிய, போடுதேன்னேன். எவ்வளவுன்னு நீங்க கேக்கவே இல்லையே அக்கா" என்றான். நோட்டில் நேற்றைய அளவு நாற்பது நூல், ஐந்து இஞ்ச்.

நேற்றே போகச் சொன்னேன், உச்சிமாகாளி அசையவில்லை. விடுமுறை முடியட்டும் என்றான். வருஷத்தில் இந்த மூன்று நாளை விட்டால் அவனுக்கு வேறு மூன்று நாள் இல்லை, அருவிக்கு நடக்கிற தூரத்தில் இருந்தால்தான் விடியற்காலையில் முதல் ஆளைப் பிடிக்க முடியும், தம்பியை வேறு வரச்சொல்லிவிட்டான், எல்லாம் நியாயம்தான். கணக்கிலேயும் என்னை மடக்கினான். ஞாயிற்றுக்கிழமைதானே விழும், நாங்கள் சனிக்கிழமை ராத்திரி போகிறோம் என்றான். குறைவு என்றால் அதற்குள் எந்த நாள் வேண்டுமானாலும் என்றுதான் அர்த்தம், ஞாயிறு வரை நிற்கிறேன் என்று சுவர் எழுதிக் கொடுக்கவில்லை என்றேன். அவன் கேட்டான், "அக்கா, நாப்பது நாளுன்னு நீங்கதான சொன்னிய. இப்பம் நாலு நாளுங்கிய. நாளைக்கு ரெண்டுன்னு சொல்லுவிய. இதுல எந்தக் கணக்க நான் நம்ப?"

இன்று காலை ஆறு மணிக்கு இசக்கிமணி சுவர்ப்பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், பிள்ளைக்குட்டிக்காரன். நானே போய்த் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். கோட்டின்படி பார்த்தால் நாற்பத்திரண்டு வர வேண்டும். மூன்று தடவை அளந்தேன், நாற்பத்து மூன்று. இதுவரை நேர்கோடாக வந்தது வளையத் தொடங்கியிருக்கிறது. நேர்கோடு இருக்கிறவரைதான் உன் நோட்டில் கணக்கு இருந்தது, கோடு வளைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு பக்கத்திலும் இல்லை. சுவரின் அடியில் கை வைத்துப் பார்த்தேன், சுவர் வியர்த்த மாதிரி ஈரம், காதை வைத்தால் உள்ளே பொடிக்கல் உருளுகிற சத்தம்.

வெளியே வந்து உச்சிமாகாளியிடம், எந்தக் கணக்கையும் நீ நம்பாண்டாம், அந்தக் கொடியப் பாரு என்றேன். அவன் பார்ப்பதற்கு முன்னால் மீனா பேசிவிட்டாள். "அஞ்சு மட்டம் இழுத்துக் கட்டிட்டேன். இன்னைக்கி விடியக் கட்டுனது, இப்பமே தொய்ஞ்சி கெடக்கு. நீரு இரும், நான் பிள்ளேளக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லி, கொடியில் கிடந்த பாவாடையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் அவன் இறங்கிவந்தான். இறங்கிவந்தாலும் சும்மா வரவில்லை, பேசித்தான் வந்தான், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. பேசினதை முத்திரைத்தாளில் எழுதலாமா என்றேன், வேண்டாம், நாற்பது நாள் என்று எழுதின அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள் என்றான்.

லாட்ஜில் பின்பக்கத்து நாலு ரூமையும் பூட்டிவிட்டேன். விடுமுறைக்குப் பதிந்திருந்தவர்கள் போனில் திட்டுகிறார்கள், திட்டட்டும். லோடு ஆட்டோ இரண்டு நடை போய்விட்டது. மீனாவும் பெண் பிள்ளைகளும் இலஞ்சி போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தம்பி குடும்பமும் சாமானும் மூன்றாவது நடைக்கு நிற்கிறார்கள், அந்த மாமியாருக்கு நடக்க முடியாது, கட்டிலோடு தூக்க வேண்டும். நான் மாடி ஜன்னலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், இங்கிருந்து கொடி தெரிகிறது. எழுத ஆரம்பித்தபோது அதன் நடுப்பாகம் தண்ணீர்த்தொட்டியின் விளிம்புக்கு மேலே இருந்தது, இப்போது விளிம்புக்குக் கீழே. மலைமேல் கருத்துக்கொண்டு வருகிறது, ஐந்தருவிப் பக்கம் தண்ணீர் சத்தம் காலையைவிடக் கனமாகக் கேட்கிறது.

பென்னி, நீ கடைசியாக எழுதினதில் உங்கள் கேம்ப்புக்குப் பின்னால் மலையை வெட்டி மண்ணை அப்படியே விட்டிருக்கிறார்கள், மழை வந்தால் கல் உருளும், பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்தப் பழகிவிட்டது என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை, ஏழு வருஷம் இந்தச் சுவரும் எனக்குப் பழகித்தான் இருந்தது. நீ படுக்கிற இடத்தில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தினமும் அளந்து எழுது, முதல் நாளுக்கு ஒன்று என்று எழுது. மேலதிகாரி சிரித்தால் சிரிக்கட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், ஈரத்தோடு போடாதே. செங்கோட்டையிலிருந்து உனக்கு ஒரு பெண்ணின் வரன், ஜாதகம் இல்லாமல் போட்டோவோடு வந்திருக்கிறது, டிசம்பரில் லீவில் வரும்போது பேசிக்கொள்ளலாம், அதற்குள் ஆம் என்றும் எழுத வேண்டாம் இல்லை என்றும் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு அவசர லீவு கேட்காதே, உன் கைக்கு இது வரும்போது இங்கே எதுவானாலும் ஆகி முடிந்திருக்கும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் தலைமாட்டில் இருக்கிற மலையை அதன் இடத்திலேயே நிறுத்துவாராக. மறக்காமல் பதில் போடு.

உச்சிமாகாளியும் நானும் பேசி முடித்தது இதுதான், உனக்கும் தெரிந்திருக்கட்டும், எனக்கு ஏதாவது ஆனால் நீதான் நிறைவேற்ற வேண்டும். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒன்பது பேரும் வெளியேற வேண்டும். இலஞ்சி கிட்டங்கி மாடி அவர்களுக்கு, புதுச்சுவர் எழும்புகிற நாள் வரை வாடகை கிடையாது. சாரல் முடிகிறவரை விடியற்காலை நாலரைக்கு நம் லோடு ஆட்டோ அவனையும் தம்பியையும் அருவிக்கரையில் இறக்கிவிட வேண்டும், ராத்திரி திரும்பக் கூட்டிவர வேண்டும். புதுச்சுவரில் நாலடிக்கு ஒரு பைப் வைக்க வேண்டும், பைப்பை எண்ணிப் பார்ப்பது சத்யபிரியா, ஒன்றிலிருந்து எண்ணுவாள். கட்டி முடிந்ததும் அதே வீடு, அதே வாடகை, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. கடைசி நிபந்தனை அவன் போட்டது, நான் தலையாட்டிவிட்டேன்: அந்தச் சுவர் விழுகிறவரை, அல்லது பத்து நாள் வெயில் அடிக்கிறவரை, அளவெடுக்க என்று யாரும் அதன் பக்கம் போகக்கூடாது, ரெபேக்காளும் போகக்கூடாது.

உன் அம்மா,
ரெபேக்காள்